பழைய படகு இன்ஜினுக்கு மறுஉயிர்: தடைக்காலத்தில் நடக்கும் 'ஃபுல் ஓவர்ஹால்'... பணம் வீணாகாமல் இருக்க என்ன செய்யணும்? முழு விவரம்

ஏப்ரல் 15 வந்தால் போதும், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பிவிடும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கடலில் வேலை இல்லை என்றாலும் காசிமேடு, நாகை, ராமேஸ்வரம், தூத்துக்குடி துறைமுகங்கள் அப்போது ஓய்ந்திருக்காது. பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது என எங்கும் வேலை நடக்கும். இதில் அதிகம் பணம் விழுங்கும் வேலை, இன்ஜின் வேலை.

"போன வருஷம்தான் ஃபுல்லா பிரிச்சு வேலை பார்த்தேன், ஆறே மாசத்துல திரும்பவும் புகைய ஆரம்பிச்சிடுச்சு" என்ற புலம்பலைத் துறைமுகங்களில் அடிக்கடி கேட்கலாம். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டும் ஏன் இப்படி ஆகிறது? பழைய இன்ஜினைப் புதுப்பிப்பது என்றால் உண்மையில் என்ன? விரிவாகப் பார்ப்போம்.

இன்போர்டு இன்ஜின் என்றால் என்ன?

ஃபைபர் படகுகளின் பின்பக்கத்தில் வெளியே தொங்கிக்கொண்டிருக்குமே, அது அவுட்போர்டு இன்ஜின். தேவைப்பட்டால் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம்.

விசைப்படகின் வயிற்றுக்குள், தளத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பது இன்போர்டு இன்ஜின். பெரும்பாலும் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் பின்னால் கியர் பாக்ஸ், அதிலிருந்து நீண்ட ஷாஃப்ட். படகின் அடியில் உள்ள ஸ்டெர்ன் டியூப் என்ற குழாய் வழியாக அந்த ஷாஃப்ட் வெளியே போய், தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பல்லரைச் சுற்றுகிறது.

அதாவது இன்ஜின், கியர் பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பல்லர் நான்கும் ஒரே சங்கிலி. ஒன்றில் கோளாறு வந்தால் மற்ற மூன்றும் அடிவாங்கும்.

பழைய இன்ஜினை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

1950-களில் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கிய காலத்தில்தான் நம் மீன்பிடிப் படகுகளில் இன்ஜின் பரவத் தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு நம் கடலில் ஓடியவை முழுக்க முழுக்க மெக்கானிக்கல் இன்ஜின்கள். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நடுக்கடலில் நின்றுவிட்டால் ஸ்பேனர் தெரிந்த ஒருவர் படகில் இருந்தால் போதும். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, திரும்பவும் ஸ்டார்ட் செய்து கரைக்கு வந்துவிடலாம். வார்ப்பிரும்பு பிளாக் கனமானது. சிலிண்டர் லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டவை. பிளாக்கும் கிராங்க்ஷாஃப்டும் நன்றாக இருக்கும்வரை அந்த இன்ஜினுக்கு அடுத்த ஆயுள் உண்டு.

லாரி இன்ஜின்தானே, அதே வேலைதானே?

நம் படகுகளில் உள்ள பல இன்ஜின்கள் லாரி இன்ஜினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியவைதான். ஆனால் அவை படும் பாடு வேறு.

லாரி மேட்டில் ஏறும்போது திணறும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். படகுக்கு இறக்கமே கிடையாது. மடி இழுக்கும்போது மணிக்கணக்கில் ஒரே சுமை. ஒரு லாரி நாள் முழுக்க மலை ஏறிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்குமோ, அதுதான் இழுவைப் படகு இன்ஜினின் அன்றாடம்.

இரண்டாவது வித்தியாசம், குளிர்விக்கும் முறை. லாரியில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். படகின் வயிற்றுக்குள் காற்று ஏது? கடல் தண்ணீர்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகணும். கடல் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. முதலில் கேட்ட கேள்விக்கான பதிலில் பாதி இந்த உப்பில்தான் இருக்கிறது.

கழற்றுவதற்கு முன்பே இன்ஜின் சொல்லும் சேதி

நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பார். புகையே பாதி நோயைச் சொல்லிவிடும்.

கறுப்புப் புகை: டீசல் முழுசாக எரியவில்லை. காற்று ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, இன்ஜின் சக்திக்கு மீறிய பெரிய புரொப்பல்லர் ஆகியவை காரணமாக இருக்கலாம். இதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை: டீசல் எரியாமலே வெளியே வருகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது.

அடுத்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஓட்டினால் பேரிங் காலி.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16-ல் ஒரு பங்கு, அதற்கும் குறைவாக அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஆறு சிலிண்டரில் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால், கோளாறு அந்த ஒன்றில்தான். எல்லாமே குறைவாக இருந்தால் இன்ஜின் முழுவதும் தேய்ந்துவிட்டது.

இந்தச் சோதனைகள் எதுவும் செய்யாமல், "பிரிச்சுப் பார்த்துடலாம்ணே" என்று தொடங்கும் வேலை, எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது.

பிரித்த பிறகு கழுவுவதற்கு முன்...

தளத்தின் மூடியைத் திறந்து, செயின் பிளாக் போட்டு இன்ஜினைத் தூக்கி, பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பிரித்தவுடன் எல்லாவற்றையும் டீசலில் கழுவிவிடுவது வழக்கம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: தேய்ந்த பாகங்களை அப்படியே வரிசையாக வைத்துப் பார்ப்பது.

ஏனென்றால் பழைய பேரிங் ஒரு சாட்சி மாதிரி. மேல் பூச்சு வழித்து எடுத்த மாதிரிப் போய் செம்பு நிறம் தெரிந்தால், ஆயில் சரியாகப் போய்ச் சேரவில்லை. கோடு கோடாகக் கீறல் இருந்தால், ஆயிலில் அழுக்கோ இரும்புத் தூளோ கலந்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

லைனரின் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தண்ணீர் தொடும் பகுதியில் ஊசியால் குத்தின மாதிரி குழிகள் இருந்தால், குளிர்விக்கும் தண்ணீரில் கோளாறு. லைனர் அதிரும்போது உருவாகும் நுண்ணிய குமிழிகள் உடைந்து உடைந்து இரும்பையே அரித்துவிடும். புது லைனர் போட்டு, அதே பழைய தண்ணீரை ஊற்றினால் அதுவும் ஓட்டையாகும்.

சாட்சியைக் கழுவிவிட்டுப் புது பேரிங் மாட்டினால், பழைய பேரிங்கைக் கொன்ற அதே காரணம் புதியதையும் கொல்லும். ஆறு மாதத்தில் இன்ஜின் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம் இது.

இன்னொரு எச்சரிக்கை: கனெக்டிங் ராடு, மெயின் பேரிங் ஆகியவற்றின் மூடிகள் ஒவ்வொன்றுக்கும் ஜோடி உண்டு. எண் போட்டு வைக்காமல் கலந்துவிட்டால், திரும்ப மாட்டும்போது வட்டம் வட்டமாக இருக்காது.

கண்ணால் பார்த்தால் போதாது, அளக்கணும்

மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். கிராங்க்ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் ஆயில் படலம் நின்று, இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பாற்றுகிறது. கையால் ஆட்டிப் பார்த்து "டைட்டா இருக்குண்ணே" என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. மைக்ரோமீட்டர் வேண்டும்.

சிலிண்டர்: மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்து அளப்பார்கள். வட்டம் முட்டை வடிவமாகி இருக்கிறதா, மேல்பக்கம் அகன்று கீழே குறுகி இருக்கிறதா என்று தெரியும். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம்.

கிராங்க்ஷாஃப்ட்: தேய்ந்திருந்தால் கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடலாம். பொதுவாக 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என்ற படிகளில் கடைவார்கள். பட்டறைகளில் இதை "பத்து, இருபது, முப்பது" என்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு அது. கடையும்போது ஜர்னலின் ஓரத்தில் உள்ள வளைவை அப்படியே காப்பாற்ற வேண்டும். அதைக் கூர்மையாக்கிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும்.

ரிங்: புது ரிங்கை நேரடியாக பிஸ்டனில் மாட்டக்கூடாது. முதலில் சிலிண்டருக்குள் வைத்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். 100 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு 0.4 மில்லிமீட்டர் போல இருக்கலாம். சரியான எண் அந்தந்த இன்ஜின் கையேட்டில் இருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து, இரு முனையும் முட்டி, இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஹெட்: விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவியோ, தண்ணீர் அழுத்தம் கொடுத்தோ சோதிப்பார்கள். வளைந்திருந்தால் மட்டம் சீவி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைப்பார்கள்.

உண்மையான வில்லன் உப்புத் தண்ணீர்

இன்ஜினுக்குள் லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, குளிர்விக்கும் பாகங்களைப் பழசாகவே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கடல் தண்ணீர் நேரடியாக இன்ஜினுக்குள் ஓடும் பழைய அமைப்பில், தண்ணீர் 60 டிகிரி அளவைத் தாண்டினால் உப்பு வேகமாகப் படிய ஆரம்பிக்கும். வீட்டு வாட்டர் ஹீட்டரில் வெள்ளையாகப் படியுமே, அதே மாதிரி. வழி சுருங்கும், சூடு ஏறும், இன்னும் படியும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள இன்ஜினில் நல்ல தண்ணீர் உள்ளே சுற்றும். கடல் தண்ணீர் வெளியே குழாய்களில் ஓடி அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இதில் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, எக்ஸ்சேஞ்சர் குழாய்களைக் கழற்றி அடைப்பெடுத்து, அழுத்தம் கொடுத்து ஒழுகல் பார்ப்பது. இரண்டு, உள்ளே உள்ள ஜிங்க் துண்டை மாற்றுவது. உப்பு நீரில் இரும்புக்கும் செம்புக்கும் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பது அதுதான். மூன்று, கடல் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர். அதன் இதழ் உடைந்திருந்தால், புதிதாக மாற்றியதோடு விடக்கூடாது. உடைந்த துண்டு எங்கே போனது என்று தேடி எடுக்கணும். இல்லையென்றால் அது குழாயில் போய் அடைத்து, நடுக்கடலில் வேலையைக் காட்டும். நான்கு, நல்ல தண்ணீரில் துருத் தடுப்பு கலந்த கூலன்ட் ஊற்றுவது. போர் தண்ணீர் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கமும் உண்டு. இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடினால் டீசல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும். அடைப்பை எடுப்பதற்கு அது மாற்று இல்லை.

பம்பும் நாசிலும்: இதை மட்டும் பட்டறையில் பார்க்காதீங்க

டீசல் பம்ப், நாசில் வேலைக்கு என்றே டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் தனிக் கடைகள் இருக்கின்றன. பழைய இன்ஜின்களின் நாசில்கள் பொதுவாக 175 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும். நாசில் சரியாகத் தெளிக்காமல் ஒழுகினால், பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும் அளவுக்குப் போகும். புது பிஸ்டனும் தப்பாது.

நாசிலைச் சோதிக்கும்போது அதன் முன்னால் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் ஊசி போல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளி மாதிரி இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.

பம்ப் சரியாகி வந்தாலும், டேங்க்கில் அடியில் தங்கிய தண்ணீரும் சகதியும் அப்படியே இருந்தால் பயனில்லை. டேங்க்கைக் காலி செய்து கழுவி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது...

ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று நான்கு சுற்றில் படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். குழாய் மாட்டி பலம் கொடுத்து இறுக்கினால் ஹெட் வளையும், கேஸ்கெட் ஒரு பக்கம் ஊதும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் இரண்டு சுற்று முழுதாகச் சுற்றிப் பார்க்கணும். எங்கும் தட்டாமல் சுற்றினால்தான் அடுத்த கட்டம். பிறகு டீசலை அடைத்து வைத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

படகு தண்ணீரில் இறங்கிய பிறகும் ஒரு வேலை

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கியர் பாக்ஸும் ஷாஃப்டும் இணையும் கப்ளிங் நேர்கோட்டில் இருக்கணும். கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது படகின் உடல் ஒரு வடிவத்தில் இருக்கும். தண்ணீரில் மிதக்கும்போது, முக்கியமாக மரப்படகில், அது லேசாக மாறும். அதனால் கடைசி அலைன்மென்ட்டைப் படகு மிதக்கும் நிலையில்தான் பார்க்க வேண்டும்.

கப்ளிங்கின் இரு முகங்களுக்கும் நடுவே நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பார்கள். 100 மில்லிமீட்டர் கப்ளிங்கில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. தவறினால் அதிர்வு வரும், கியர் பாக்ஸ் பேரிங் போகும், ஸ்டெர்ன் டியூப் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கயிறு பேக்கிங் போட்ட ஸ்டெர்ன் டியூபில் ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது சரிதான். ஒரு சொட்டுகூட வராதபடி இறுக்கினால் ஷாஃப்ட் சூடாகித் தேயும்.

முதல் 50 மணி நேரம் ரொம்ப முக்கியம்

புது ரிங் சிலிண்டரோடு ஒட்டிப் பழக நேரம் வேண்டும். அதற்காக துறைமுகத்தில் கட்டிப்போட்டு நாள் முழுக்க ஐடிலில் ஓடவிடுவது தவறான பழக்கம். சுமை இல்லாமல் ஓடினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, ரிங் பிடிக்காமல் போய், ஆயில் குடிக்கும். நடுத்தரச் சுமையில், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும். முதல் பயணத்திலேயே முழு இழுவையும் வேண்டாம். கையேடு சொல்லும் நேரத்தில், பொதுவாக 50 மணி நேரத்துக்குள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

மூழ்கிய படகின் இன்ஜினைக் காப்பாற்ற முடியுமா?

2018 நவம்பரில் கஜா புயல் போன்ற சமயங்களில் படகுகள் மூழ்கி, இன்ஜின்கள் கடல் நீரில் கிடந்ததைப் பார்த்தோம். தண்ணீருக்குள் இருக்கும்வரை அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். வெளியே எடுத்துக் காற்று பட்டவுடன் வேகம் பிடிக்கும். அதனால் எடுத்த அன்றே வேலை தொடங்கணும்.

ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஆயில் அல்லது டீசலால் நிரப்பி வைத்தால், பிரிக்கும் வரை துருவைத் தடுக்கலாம். ஸ்டார்ட்டர், டைனமோ ஆகியவற்றைத் தனியே கழற்றிக் காயவைக்க வேண்டும்.

எப்போது கைவிடணும்?

பிளாக்கில் விரிசல், கிராங்க்ஷாஃப்ட் கடைசி அளவு வரை கடையப்பட்டுவிட்டது, ஒரிஜினல் உதிரிபாகங்கள் சந்தையில் இல்லை... இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் புதுப்பிப்பதில் லாபம் இருக்காது.

வேறு இன்ஜின் போடுவதானால் மீன்வளத்துறையிடம் தெரிவிக்க வேண்டும். படகின் பதிவில் இன்ஜின் விவரமும் உண்டு. தமிழகத்தில் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜின் பொருத்திய படகுகளுக்கு விதிகளில் அனுமதி இல்லை. தடைக்காலத்தில் நடக்கும் ஆய்வில் இதையும் பார்ப்பார்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தது?

2. பழைய பேரிங், லைனர், பிஸ்டன் எங்கே? என் கண்ணால் பார்க்கலாமா?

3. எதனால் தேய்ந்தது? அந்தக் காரணத்தைச் சரி செய்தாச்சா?

4. சிலிண்டர், கிராங்க் அளவுகளை எழுதித் தர முடியுமா?

5. ஹீட் எக்ஸ்சேஞ்சர், தண்ணீர் பம்ப் வேலையும் இதில் சேருமா?

6. படகு மிதந்த பிறகு அலைன்மென்ட் பார்க்க வருவீங்களா?

இதில் மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை என்றால், அது ஓவர்ஹால் கிடையாது. வெறும் சாமான் மாற்றம்.

நடுக்கடலில் நின்றுவிட்டால்?

சாலையில் லாரி நின்றால் ஓரம் கட்டலாம். கடலில் இன்ஜின் நின்றால் படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போகும். பாக் நீரிணையில் சர்வதேசக் கடல் எல்லை மிக அருகில் இருப்பதால், இன்ஜின் கோளாறில் மிதந்து எல்லை தாண்டிய படகுகளும், அதனால் சிறை சென்ற மீனவர்களும் உண்டு. கரையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாயின் விலை அங்கே தெரியும்.

இன்ஜின் நின்றதும் முடிந்தால் முதலில் நங்கூரம் போட்டு நகர்வைத் தடுக்க வேண்டும். உடனே விஎச்எஃப் கருவியில் பக்கத்துப் படகுகளுக்குச் சொல்லலாம். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் தேடுதல், மீட்பு உதவிக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்துக்கு 1093 என்ற கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் படகின் டிரைவர் அறையில் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது நல்லது.